மாணவியின் போனில் மறைத்து வைத்த கண்காணிப்புச் செயலி: காவேரிப்பட்டணம் பக்கத்து நிகழ்வு ஆய்வு

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியராக இருக்கிறேன். பெற்றோர், மாணவி இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் விட்டும் இருக்கிறேன். பிள்ளையின் போனில் என்ன செயலி போடலாம், இலவசமானது போதுமா, காசு கட்டி வாங்கலாமா என்று கேட்டு வரும் பெற்றோர் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணத்தை ஒட்டிய கிராமம். அப்பா லாரி ஓட்டுநர். வடநாட்டு லோடு ஏற்றினால் வீடு திரும்பப் பல நாள் ஆகும். அம்மா பர்கூர் சிப்காட்டில் கம்பெனி வேலைக்கு வேன் ஏறிப் போகிறவர். வீட்டில் அப்பாவைப் பெற்ற ஆயா, பத்தாம் வகுப்பு ஆங்கில வழியில் படிக்கும் 15 வயதுப் பெண், ஆறாவது படிக்கும் தம்பி.

அப்பாவின் போனை விட்டால் வீட்டில் இருந்தது ஒரே டச் போன். பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கென்று வாங்கியது, பெண்ணின் கையில்தான் இருக்கும். அம்மாவிடம் பட்டன் போன். ஆனால் அம்மாவின் வங்கிக் கணக்கோடு இணைந்த சிம் மகளின் போனில் இருந்தது. கரண்ட் பில், கேஸ், ரீசார்ஜ் எல்லாவற்றையும் மகளே ஜிபேயில் கட்டுவாள். பின் நம்பரும் அவளுக்கே தெரியும். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இதே ஏற்பாடுதான்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கிலும் அறிவியலிலும் மதிப்பெண் நன்றாக இறங்கியது. அதே வாரம், ஓசூரில் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன், "பாப்பா ராத்திரி ஒரு மணிக்கும் வாட்ஸ்அப்ல ஆன்லைன்ல இருக்குது மாமா" என்று அப்பாவிடம் சொன்னான்.

செயலி வந்த விதம்

அந்தப் பையனே ஒரு வழியும் சொன்னான். வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் விற்கும் கட்டணச் செயலி. போட்டால் பிள்ளைக்குத் தெரியாது, வாட்ஸ்அப் செய்தி முதல் இருக்கும் இடம் வரை லாரியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று விளம்பரம். பொங்கல் விடுமுறையில் அவன் ஊருக்கு வந்தபோது பெண்ணின் போனை வாங்கி நிறுவிவிட்டான். பிளே ஸ்டோரில் இல்லாத செயலி என்பதால் இணையதளத்திலிருந்தே ஏபிகே என்னும் நிறுவல் கோப்பாக இறக்கினான். தீங்கான செயலியைக் கண்டு சொல்லும் கூகுளின் பிளே புரொடெக்ட் எச்சரித்ததும் அதை அணைத்தான். திரையில் தெரிவதைப் படிக்கவிடும் அணுகல்தன்மை, அறிவிப்புகளைப் படித்தல், எளிதில் நீக்க முடியாமல் செய்யும் சாதன நிர்வாகி ஆகிய மூன்று அனுமதிகளையும் கொடுத்து, ஐகானை மறைத்தான். முதல் சில நாள் இலவசம், பிறகு மாதம் 1,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதே போனில் இருந்த அம்மாவின் யுபிஐ கணக்கில், மாதாமாதம் தானாகவே பணம் எடுக்கும் ஆட்டோபே போட்டுக் கொடுத்தான்.

அப்பா சம்மதித்தார். தங்கள் மகளைத்தானே பார்க்கிறோம் என்பது அவர் எண்ணம். அம்மாவுக்கு "ஏதோ போட்டிருக்காங்க" என்பதற்கு மேல் தெரியாது.

அப்பாவின் திரையில் தெரிந்தது

வாட்ஸ்அப் செய்திகள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பூட்டப்பட்டவை. நடுவில் புகுந்து எந்தச் செயலியும் படிக்க முடியாது. இத்தகைய செயலிகள் திரையில் தெரிவதையும் மேலே வந்து விழும் அறிவிப்புகளையும் பிரதி எடுத்து அனுப்புகின்றன. இந்தப் போனிலிருந்து பெரும்பாலும் அறிவிப்புகள்தான் போயிருக்கின்றன. எதிர்ப்பக்கம் எழுதியது வரும், இவள் எழுதிய பதில் வராது. அப்பா பார்த்ததெல்லாம் பாதி உரையாடல்.

ஆபத்தான சொல் வந்தால் சிவப்பு எச்சரிக்கை அனுப்பும் வசதியும் அதில் இருந்தது. பிறகு அந்தப் பட்டியலை நான் முழுக்கப் படித்தேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் 'கார்பனும் அதன் சேர்மங்களும்' பாடம் திருப்புதல் நடந்த வாரத்தில் எச்சரிக்கை குவிந்திருந்தது. எத்தனால் பற்றிய கேள்விகளில் வந்த 'ஆல்கஹால்' என்ற சொல்தான் காரணம். இனப்பெருக்கப் பாடம் வந்தபோது இன்னும் மோசம். பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். அந்த மொழி செயலிக்குப் புரியவே இல்லை. வகுப்பில் ஒருத்தி இன்னொருத்தியிடம் "செத்துடலாம் போல இருக்குடி" என்று எழுதிய ஒரு வரி அந்தப் பட்டியலில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கிடந்தது. நான் அதைப் படித்த மறுநாளே அந்த மாணவியை வகுப்பு ஆசிரியை தனியாக அழைத்துப் பேசினார்.

அப்பாவை உலுக்கியது வேறொன்று. 'ஜெய்' என்ற பெயரிலிருந்து "லவ் யூ டி", "உன்ன பாக்காம இருக்க முடியல" என்றெல்லாம் வந்திருந்தது. ஜெய் என்பது ஜெயஸ்ரீ என்ற வகுப்புத் தோழி. அம்மை போட்டு அவள் சில நாள் பள்ளிக்கு வராதபோது எழுதியவை அவை. அப்பா, நாசிக் தாண்டி எங்கேயோ வண்டியை ஓரங்கட்டி அதைப் படித்திருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை. தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

அத்தை வீட்டில் பையன் தயாராக இருந்தான். பரீட்சை முடிந்ததும், வைகாசியில் பேசி முடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் 18 நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது இன்னும் ஒழியவில்லை. இங்கே ஒரு பெண்ணின் போனிலிருந்து போகும் அரைகுறைச் செய்தி அவள் படிப்பையே முடித்துவிடக்கூடும். செயலி விற்பவருக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பொருளில் நான் இவ்வளவு கவலைப்படுகிறேன்.

பாஸ்புக்

பிப்ரவரிக் கடைசியில் அம்மா வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் பதிவு போட்டிருக்கிறார். நகை அடகு விஷயமாகப் போனவர், கணக்கில் பணம் குறைவதைப் பார்த்துப் பள்ளிக்கு வந்தார்.

"சார், காசு போய்க்கிட்டே இருக்குது. என்னான்னே தெரியல. பாப்பாகிட்ட கேட்டா அழுவுது."

பாஸ்புக்கை மேசையில் விரித்தோம். 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரவு. அடுத்த சில வரிகள் தள்ளி ஒரே தொகை மாதாமாதம் பற்று. அது செயலியின் ஆட்டோபே. உரிமைத் தொகை முழுவதும் அதற்கே போயிருந்தது. இவற்றுக்கு நடுவில் 100, 200, 200, 500 என்று ஒரே யுபிஐ முகவரிக்குச் சின்னச் சின்னப் பற்றுகள். அவை கடைக்கோ ரீசார்ஜுக்கோ போனவை போல இல்லை. எல்லாம் இரவு நேரத்தில் போனவை என்பது ஜிபே வரலாற்றைத் திறந்தபோது தெரிந்தது.

அவள் சொன்னது

வகுப்பு ஆசிரியையும் அம்மாவும் கூட இருக்க, அவளிடம் பேசினோம். திட்டுவதில்லை என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வாங்கியிருந்தோம். முதலில் அவள் சொன்ன வாக்கியம்: "அப்பா படிக்கிறாருன்னு எனக்குத் தெரியும் சார்."

எப்படி என்று கேட்டோம். ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அம்மாவின் சிம் மகளின் போனில். எஸ்எம்எஸ் அவளுக்கே வந்தது, அதில் நிறுவனத்தின் பெயரும் இருந்தது. கூகுளில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் பாடம் தவிர எதுவும் எழுதுவதில்லை.

மீதி விஷயம் இன்ஸ்டாகிராமில் நடந்திருந்தது. தர்மபுரியில் படிக்கும் பெண் என்று சொல்லிக்கொண்டு ஒரு கணக்கு பழகியது. வீட்டுக் கஷ்டம், அப்பா மீது உள்ள கோபம், அத்தை குடும்பத்தைப் பற்றிய பேச்சு எல்லாம் அதனிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு அது ஆண் என்று தெரிந்தது. அவன் வேறு மாதிரியான படம் கேட்டான், இவள் மறுத்தாள். "நீ உங்க அப்பாவப் பத்திப் பேசுனத எல்லாம் அவருக்கே அனுப்பிருவேன், ஊரு குரூப்ல போட்டுருவேன்" என்று மிரட்டிக் காசு கேட்க ஆரம்பித்தான். எல்லாம் குரல் செய்தி. இரவு ஒரு மணிக்கு அவள் விழித்திருந்த காரணம் இது. செயலியின் பட்டியலில் அந்த இரவுகளுக்கு நேரே இருந்தது 'குரல் செய்தி' என்ற அறிவிப்பு மட்டும், எந்தச் சிவப்பும் இல்லாமல்.

அவனிடம் இருந்தது ஆபாசப் படம் ஒன்றும் இல்லை, பள்ளி விழாவில் எடுத்த சாதாரணப் படங்களும் பேச்சும்தான். வீட்டைக் கண்டு அவளுக்கிருந்த பயத்தை வைத்துத்தான் அவன் காசு பிடுங்கினான். அப்பா ஒளிந்து படிக்கிறார் என்று தெரிந்த நாளில் அந்தப் பயம் கூடியது. மிரட்டலுக்குப் பணம் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான் என்று பாஸ்புக் தேதிகள் காட்டின.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் புகார். அம்மாவுக்குப் பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம் இருந்தது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் இப்படிப் படம் கேட்பது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்துக்குள் வரும், தெரிந்தவர் தகவல் கொடுத்தாக வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது என்பதை விளக்கினோம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்றும் அடையாளத்தை ஊடகம் வெளியிடக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருப்பதை ஆசிரியை படித்துக் காட்டினார். அம்மா ஒப்புக்கொண்டார்.

அவன் கணக்கை முடக்குவதற்கு முன் சான்றைச் சேர்த்தோம். அவனுடைய பயனர் பெயர், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்கள், குரல் செய்திகள், பணம் போன யுபிஐ முகவரி, பரிவர்த்தனை எண்கள். பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் வழக்கம். அழித்தால் காவல்துறைக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. பணம் போனதால் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930இல் பதிந்தோம், தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் ஏற்றினோம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்தோம். கல்யாணப் பேச்சு இருந்ததால் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் ஆசிரியை தகவல் சொன்னார்.

அப்பாவிடம் அம்மாவே பேசினார், ஸ்பீக்கரில். ஜெய் யார் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. ஜெயஸ்ரீயின் அம்மாவைப் பேசவைத்தோம். மிரட்டல் விஷயத்தைச் சொன்னதும் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப நான் தினமும் ராத்திரி பாத்துக்கிட்டு இருந்தது என்னா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அக்கறையில் குறை இல்லை. அவருக்கு விற்கப்பட்ட பொருள் அவர் நினைத்த வேலையைச் செய்யாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இன்படி நடத்தி வைப்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதையும் அப்போதே சொன்னேன்.

பிறகு செயலியை நீக்கினோம். சான்றைச் சேர்த்த பின்தான் இதைத் தொட்டோம். அமைப்புகளில் சாதன நிர்வாகி, அணுகல்தன்மை, அறிவிப்பு அனுமதி மூன்றையும் எடுத்துவிட்டு நிறுவல் நீக்கம், பிளே புரொடெக்ட் மறுபடி இயக்கம், முழுச் சோதனை, எல்லாக் கடவுச்சொற்களும் மாற்றம். செயலியை நீக்கினால் சந்தா தானாக நிற்காது. ஜிபேயின் ஆட்டோபே பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்தோம். அந்தச் செயலியில் அப்பாவுக்கு இருந்த கணக்கில் சேர்ந்திருந்த செய்திகளையும் படங்களையும் அழித்து, கணக்கை மூடச் சொல்லி மின்னஞ்சல் போட்டோம்.

அந்தக் கடைசி வேலையை அவசரமாகச் செய்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளைக் கண்காணிக்க விற்கும் ஃபேமிலி ஆர்பிட் என்ற செயலியின் சேமிப்பு 2018இல் அம்பலமாகி, 281 ஜிபி அளவுக்குப் படங்களும் வீடியோக்களும் வெளியாள் எடுக்கக்கூடிய நிலையில் கிடந்தன. ஸ்பைஃபோன் என்ற செயலியை நடத்திய நிறுவனத்தைக் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே 2021இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் விலக்கியது. பிள்ளையைக் காக்க என்று திரட்டுவது எங்கோ ஒரு சர்வரில் சேர்கிறது. அதன் சாவி யாரிடம் என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை.

இலவசமா, கட்டணமா

அப்பா வீடு திரும்பியதும் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். காசு கட்டியது பயன்படவில்லை என்றால் இலவசமானது என்ன கிழித்துவிடும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

கட்டணச் செயலிகள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. குஸ்டோடியோ, நார்ட்டன் ஃபேமிலி போன்றவை பிளே ஸ்டோரிலேயே கிடைக்கின்றன. காசுக்கு அவை தருவது பல சாதனங்களுக்குச் சேர்த்து ஒரே கட்டுப்பாடு, வகைவாரியான இணையத் தடை, நீண்ட கால அறிக்கை. வீட்டில் லேப்டாப்பும் இரண்டு மூன்று போன்களும் இருந்தால் அதற்குப் பணம் கொடுப்பதில் பொருள் உண்டு. இந்த வீட்டில் ஒரே போன். ஒரு சாதனத்துக்கு என்றால் குஸ்டோடியோவின் இலவச வடிவமே உண்டு.

நான் பார்க்கச் சொல்வது வேறு ஒன்றை: செயலி தன்னை மறைத்துக்கொள்கிறதா? கண்காணிப்புச் செயலி தன்னை ஒளித்து வைக்கக் கூடாது, இயங்கும்போது அறிவிப்பு தெரிய வேண்டும் என்று 2020 அக்டோபரிலிருந்து பிளே ஸ்டோரில் விதி உள்ளது. ஏபிகே இறக்கு, பிளே புரொடெக்டை அணை என்று ஒரு செயலி சொன்னால், அந்த விதிக்குள் வர அது தயாரில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். காசு எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான்.

கூகுளின் ஃபேமிலி லிங்கைத் தேர்ந்தோம். காசு இல்லை. 13 வயது தாண்டிய பிள்ளை என்றால் அதன் போனிலேயே சம்மதம் கேட்டுத்தான் சேர்க்கிறது. இரவு 10 மணிக்குப் போன் பூட்டிக்கொள்ளும், புதுச் செயலி இறக்க அனுமதி வேண்டும், ஒவ்வொரு செயலிக்கும் நேரம் வைக்கலாம், போன் இருக்கும் இடம் தெரியும். செய்திகளைக் காட்டாது. அப்பாவுக்கு அது குறையாகத் தெரிந்தது. அந்தக் குறைக்காகவே நான் அதைப் பரிந்துரைத்தேன் என்று சொன்னேன்.

இன்ஸ்டாகிராம் கணக்கில் அவள் கொடுத்திருந்த பிறந்த ஆண்டு பொய். அதனால் பெரியவர்களுக்கான அமைப்பில் இயங்கிக்கொண்டிருந்தது. பதின்வயதினருக்கென்று 2025இல் இந்தியாவுக்கு வந்த டீன் கணக்கு முறையில், சரியான வயது கொடுத்தால் கணக்கு தானாகவே தனிப்பட்டதாகும், அவள் பின்தொடராத ஆள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு வராது. 16க்குள் இருந்தால் இதைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பெற்றோர் இணைந்தால் கடந்த ஏழு நாளில் யாரோடு பேசினாள் என்பது தெரியும், என்ன பேசினாள் என்பது தெரியாது. இதுவும் இலவசம். மறைத்து வைத்த எந்தச் செயலியையும்விட அந்த ஆளை வாசலிலேயே நிறுத்தக்கூடியது இந்த ஒரு அமைப்புதான். பரீட்சை முடிந்ததும் சரியான வயதில் புதுக் கணக்கு திறந்துகொள்ளலாம் என்று முடிவானது.

பின்னர் நடந்தது

காவல்துறை தொடர்பு கொண்ட பிறகு மிரட்டியவனின் கணக்கு மறைந்துவிட்டது. ஆள் பிடிபடவில்லை, விசாரணை நடக்கிறது. போன பணம் வரவில்லை. செயலி நிறுவனமும் கட்டணத்தைத் திருப்பவில்லை. "திரும்பி வாருங்கள், பாதி விலை" என்று அப்பாவுக்கு இன்னும் மின்னஞ்சல் அனுப்புகிறது.

கல்யாணப் பேச்சு நின்றது. குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். அத்தை குடும்பம் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாரியம்மன் பண்டிகையில் சமாதானமானார்கள் என்று அம்மா சொன்னார்.

ஃபேமிலி லிங்க் ஒழுங்காக ஓடியது என்று சொல்ல முடியாது. இரவு 10 மணிக்கு அவள் போன் பூட்டியதும் அப்பாவின் பழைய போனை ஆயாவின் தலைமாட்டிலிருந்து எடுத்து ரீல்ஸ் பார்த்தாள். அம்மா கண்டுபிடித்து, பேசி, நேரத்தை 10:30 என்று மாற்றிக்கொண்டார்கள். இடம் காட்டும் வசதியை அவள் மறுக்கவில்லை. டியூஷன் முடிந்து பஸ் ஏறியதும் அப்பா பார்ப்பார் என்று அவளே சொல்கிறாள். அதற்குப் பதிலாக அப்பாவின் லாரி எங்கே நிற்கிறது என்பதைத் தானும் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். கூகுள் மேப்பில் இருப்பிடம் பகிர்ந்தார்.

பத்தாம் வகுப்பில் தேறி, பதினொன்றில் அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இப்போது ஒரு பெற்றோர் போனை எடுத்துக்கொண்டு வந்தால் செயலிப் பேச்சுக்கு முன் மூன்று இடங்களைத் திறந்து பார்க்கிறேன்: அணுகல்தன்மை அனுமதி யாருக்கு இருக்கிறது, பிளே புரொடெக்ட் இயங்குகிறதா, இன்ஸ்டாகிராமில் பிறந்த ஆண்டு என்ன. மூன்றாவது பெரும்பாலும் பொய்யாகவே இருக்கிறது.

வகுப்பு ஆசிரியை ஆண்டுத் தொடக்கத்திலேயே மாணவிகளிடம் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்: யாராவது மிரட்டிக் காசோ படமோ கேட்டால், நீ முதலில் என்ன பேசியிருந்தாலும் சரி, எதை அனுப்பியிருந்தாலும் சரி, எங்களிடம் வா, வீட்டில் நாங்கள் பேசிக்கொள்கிறோம். அரையாண்டு மதிப்பெண் திடீரென்று இறங்கினால் காரணம் கேட்கவும் ஓர் ஆசிரியை பொறுப்பேற்றிருக்கிறார்.

பெற்றோர் கூட்டத்தில் நான் சொல்வது பணத்தைப் பற்றி. வங்கியோடு இணைந்த சிம் அம்மாவின் போனில் இருக்கட்டும். அது பட்டன் போனாக இருந்தாலும் எஸ்எம்எஸ் வரும். பில் கட்டுவது பிள்ளையாக இருந்தாலும் பின் நம்பரை அம்மாவே அடிக்கட்டும். மாதம் ஒரு முறை பாஸ்புக்கில் பதிவு போட்டு, புரியாத வரி எது என்று பிள்ளையிடமே கேட்கட்டும்.